நிறுத்தல்

எனக்கு அங்கே பெயர் இல்லை, நான்காம் எண் ஜூரர்.
மற்ற நாட்களில் இறைச்சி கவுண்டரில் நிற்பவள்.
அரைப் பவுண்டு ஹாம் என்றால்
தராசைப் பார்க்காமலே அறுத்து வைப்பேன்.
இருபத்திரண்டு வருடக் கை.

டுலூத்தில் மார்ச் மாதம்.
ஏரி இன்னும் உறைந்து கிடந்தது.
ஆறு பேரின் ஈரக் கோட்டுகளும்
ஒரே அறையில் நாறிக்கொண்டிருந்தன.

வழக்கு இவ்வளவுதான்:
சாலையில் வாத்துகள் குறுக்கே நடந்தன.
மார்லிஸ் ட்வைட், பள்ளிச் சமையலறை ஊழியை,
நிறுத்தினாள்.
பின்னால் வந்த கோல்பி ஹாவிஸ்டோ
காலடியில் உருண்ட ஆரஞ்சைத் தேடிக் குனிந்திருந்தான்.
நிறுத்தவில்லை.
எங்களை நிறுக்கச் சொன்னார்கள்.

அவன் தரப்பு வழக்கறிஞர்
பம்பரின் படத்தைக் கதவளவு பெரிதாக்கி நிறுத்தினார்.
‘ஒரு கீறல்! பூனை கூட இதைவிட ஆழமாகக் கீறும்.’
பிறகு அவள் இடப்பக்க பிரேக் விளக்கு
பல மாதமாக எரியவில்லை என்பதற்கு
ஒரு ரசீது, ஒரு மெக்கானிக்.

அவள் தரப்பில் பிளாஸ்டிக் முதுகெலும்பு வந்தது,
ஒரு வட்டில் மட்டும் சிவப்பு மை.
மருத்துவர் அதை வளைத்து வளைத்துக் காட்டினார்.
நான் தினமும் பன்றிக் கழுத்தெலும்பு அறுக்கிறவள்.
எலும்பு ஒன்றும் சொல்லாது.

குறுக்கு விசாரணையில்தான் அது வெளியே வந்தது.
போலீஸ் வரும்வரை என்ன செய்தீர்கள்?
பையன் செருப்பைப் பார்த்தபடி சொன்னான்:
‘ஓரமாக உட்கார்ந்தோம்.
அந்த ஆரஞ்சை உரித்துப் பாதி கொடுத்தேன்.’
‘வாங்கிக்கொண்டாரா?’
‘விதை நிறைய இருக்கிறது என்றார்.’
அது யாருக்குச் சாதகம் என்று
இரண்டு வழக்கறிஞர்களுக்கும் தெரியவில்லை.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இனிச் சொல்லப்போவதை
அந்த அறையில் நான் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மதியம், வாகன நிறுத்துமிடம்.
யாரோ ‘மார்லிஸ்!’ என்று கூப்பிட்டார்கள்.
சாட்சிக் கூண்டில் உடம்போடு சேர்த்து
கதவைப்போலத் திரும்பிய அந்தப் பெண்
சட்டெனக் கழுத்தைத் திருப்பினாள்,
நீங்களும் நானும் திருப்புவது மாதிரியே.
பொய்க்காரி என்று நான் நினைத்து முடிப்பதற்குள்
கண்ணை மூடி, கார்க் கூரையில் கை ஊன்றி
அப்படியே நின்றாள்.
எண்ணினேன். பத்தொன்பது.
கூப்பிட்டவருக்குக் கையாட்டிவிட்டு
காருக்குள் உட்கார்ந்தாள்.

இந்த அறையில் கேட்டது மட்டுமே சாட்சி
என்று நீதிபதி மூன்று முறை சொல்லியிருந்தார்.

தாளில் இரண்டு கட்டங்கள்.
அவன் தவறு எத்தனை சதவீதம், அவள் தவறு எத்தனை.
கூட்டினால் நூறு வரவேண்டும்.
கப்பல்துறையில் கிரேன் ஓட்டி ஓய்ந்த பெரியவர்
‘பின்னால் இடித்தவன் இடித்தவன்தான், நூறு’ என்றார்.
ஆறாம் எண், பல் மருத்துவமனை வரவேற்பாளர்,
‘விளக்கு எரியாத வண்டிக்கு நாற்பது’ என்றாள்.
முப்பது, பத்து, இருபத்தைந்து.
பிஸ்கட் தீரும்வரை ஏலம் நடந்தது.
வாத்துகளுக்குக் கட்டம் இல்லையா என்று ஒருவர் கேட்டு
நாங்கள் சிரித்தோம், பிறகு வெட்கப்பட்டோம்.

அடுத்த வரி: எதிர்கால வலி.
அதன் எதிரே ஒரு டாலர் குறி, ஒரு கோடு.
என்னைப் பார்த்தார்கள்.
‘பார்த்தால் உண்மை போலத்தான் இருக்கிறது’ என்றேன்.
எதைப் பார்த்து என்று யாரும் கேட்கவில்லை.

எண்பது, இருபது.
ஒரு பழைய கார் வாங்கும் அளவுக்குப் பணம்.
வாசித்தபோது அவள் அழவில்லை.
பையன் தலையைத் தடவிக்கொண்டான்,
முடிவெட்டிக்கொண்டு எழுந்தவன்போல.

வீட்டுக்குப் போகையில்
முன்னால் போன வண்டிக்கும் எனக்கும் நடுவே
ஒரு பேருந்து நுழையும் இடம் விட்டேன்.
பின்னால் வந்தவன் ஹாரனை விடவே இல்லை.

செவ்வாய்க்கிழமை வேலைக்குத் திரும்பினேன்.
ஒருவர் வந்து அரைப் பவுண்டு ஹாம் என்றார்.
அறுத்துவிட்டுத் தராசைப் பார்த்தேன்.
கொஞ்சம் கூடியிருந்தது.
எடுக்கக் கை போய்,
அப்படியே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.